ஒற்றன் கதையும் சுவைஞர் தீர்ப்பும்

மக்கள் பெரிதும் நாடும் கலையைக் கற்றோர் எளிதில் புறக்கணிப்பது எல்லா நாட்டிலும் காணப்படும் வழக்கம். கூத்தும் தொடர்கதையும் ஒரு காலத்தில் அவ்வாறு ஒதுக்கப்பட்டவையே. பின்னர் அந்த இடத்திற்குத் திரைப்படம் வந்து சேர்ந்தது. அதிலும், துப்பாக்கியும் துரத்தலும் நிறைந்த உளவுப் படம் என்றால், "அதில் ஆராய என்ன இருக்கின்றது?" என்று ஒரே கேள்வியில் தள்ளிவிடுவோர் மிகப் பலர். ஆனால், அப்படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வரும் சுவைஞர்கள் வாளா இருப்பதில்லை. எது நல்ல கதை, எது நொண்டிக் கதை, எந்த உரையாடல் உயிருள்ளது, எந்த முடிவு ஒட்டவில்லை என்று அவர்கள் ஓயாமல் வழக்காடுகின்றனர். அந்த வழக்கினைக் காது கொடுத்துக் கேட்பது திறனாய்வு பயில்வோர்க்குப் பயன் தரும்.

இத்தகைய வழக்கு நெடுங்காலமாக நடந்துவரும் களங்களுள் ஒன்று ஜேம்ஸ் பாண்ட் படவரிசை. 1962ஆம் ஆண்டில் 'டாக்டர் நோ' என்னும் படத்துடன் தொடங்கி, 2021ஆம் ஆண்டில் வெளிவந்த 'நோ டைம் டு டை' வரை, இயோன் நிறுவனத்தார் 25 படங்களை எடுத்துள்ளனர். அறுவர் அவ்வொற்றனாக நடித்துள்ளனர். நடிகர் அறுவருள் சிறந்தவர் யார் என்னும் வழக்கு ஒருபுறம் இருக்க, எழுத்தின் தரம் பற்றிய வழக்கும் அதே அளவு சூடாக நடைபெறுகின்றது. இங்கே கருதத்தக்கது அந்த இரண்டாம் வழக்கேயாம்.

தமிழ் வகுப்பறைக்கு இதனால் என்ன பயன் என்று வினவலாம். பயன் உண்டு. சிலப்பதிகாரத்தின் சிறப்பினைப் பத்துத் தலைப்புகளில் எழுதும் மாணவன், பிறர் சொன்ன காரணங்களை மனப்பாடம் செய்து எழுதுகின்றான். அவற்றுள் அவனுடைய கருத்து ஒன்றும் இல்லை. அதே மாணவன் நேற்றுப் பார்த்த படத்தைப் பற்றிக் கேட்டால், ஆணித்தரமாகக் கருத்துச் சொல்கின்றான். ஆனால், அதற்குக் காரணம் கேட்டால் திகைத்து நிற்கின்றான். ஓரிடத்தில் கருத்தின்றிக் காரணம் இருக்கின்றது. மற்றோரிடத்தில் காரணமின்றிக் கருத்து இருக்கின்றது. இவ்விரண்டையும் இணைப்பதே இலக்கியக் கல்வியின் தலையாய பணி. அப்பணி நிறைவேறாவிடில், தேர்வு முடிந்த மறுநாளே இலக்கியம் அவனைவிட்டு அகன்றுவிடும்.

மூலமும் முதல் தீர்ப்புகளும்

இப்படங்களுக்கு மூலம் இயான் ஃபிளெமிங் என்னும் ஆங்கில எழுத்தாளரின் கதைகள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் உளவுப் பிரிவில் பணியாற்றிய அவர், 1953ஆம் ஆண்டில் 'கேசினோ ராயல்' என்னும் புதினத்தை வெளியிட்டார். 1964ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் எழுதிய பாண்ட் நூல்கள், இறந்தபின் வெளிவந்தவற்றையும் சேர்த்து, பன்னிரண்டு புதினங்களும் இரண்டு சிறுகதைத் தொகுதிகளும் ஆகும்.

அவற்றைப் பற்றிக் கற்றோர் கருத்து தொடக்கம் முதலே இரண்டுபட்டது. பால் ஜான்சன் என்னும் இதழாளர் 1958ஆம் ஆண்டில் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் 'டாக்டர் நோ' புதினத்தைக் கடுமையாகச் சாடினார். காமமும் கொடுமையும் செல்வச் செருக்கும் கலந்த நூல் என்பது அவருடைய கருத்து. மாறாக, புதின ஆசிரியர் கிங்ஸ்லி ஏமிஸ் 1965ஆம் ஆண்டில் பாண்ட் கதைகளுக்காகவே ஒரு தனி நூல் எழுதி அவற்றின் தொழில்திறனை எடுத்துரைத்தார். அதே ஆண்டில் இத்தாலிய அறிஞர் உம்பர்த்தோ எக்கோ, ஃபிளெமிங்கின் கதைகள் சதுரங்கம் போன்றவை என்றும், குறிப்பிட்ட ஒன்பது காய்நகர்த்தல்களே இடம் மாறி மாறி வருகின்றன என்றும் ஆராய்ந்து காட்டினார். பெரும்புலவர்கள் பேசத் தகாத பொருள் என்று எக்கோ கருதவில்லை என்பது நோக்கத்தக்கது.

இவ்விடத்தில் ஓர் அடிப்படை வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். திருவள்ளுவர் 'ஒற்றாடல்' என்னும் அதிகாரத்தில் ஒற்றனின் இலக்கணத்தை வகுத்துள்ளார். பார்ப்பவர் ஐயுறாத தோற்றம், பார்வைக்கு அஞ்சாத உள்ளம், எந்நிலையிலும் மறைபொருளை வெளியிடாத உறுதி ஆகியவை அவனுக்கு வேண்டும் என்பது அவர் கருத்து. பாண்டோ, செல்லும் இடமெல்லாம் தன் குடிப்பெயரை இருமுறை சொல்லித் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்கின்றான்! வள்ளுவர் வகுத்த இலக்கணத்தில் அவன் முதல் அடியிலேயே தோற்றுவிடுவான். எனவே, இது மெய்யான உளவுத்தொழிலின் கதை அன்று. ஒற்றன் உடை அணிந்த வீரனின் கதை. வீரகதையை வீரகதைக்குரிய அளவுகோலால் அளக்க வேண்டும். 'இது நடக்குமா?' என்று கேட்பதைவிட, 'கதை தனக்கென வகுத்துக்கொண்ட உலகில் இது பொருந்துமா?' என்று கேட்பதே முறை. தேர்ந்த சுவைஞர்கள் இதனை இயல்பாகவே உணர்ந்திருக்கின்றனர்.

மூலத்திற்கு உண்மையாயிருத்தல்

எனினும், சுவைஞருள் ஒரு சாரார் வேறோர் அளவுகோலைக் கையாள்கின்றனர். ஃபிளெமிங்கின் நூலை எந்தப் படம் நெருங்கி நிற்கின்றதோ அதுவே நல்ல எழுத்து என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கை முழுமையாக ஏற்கத்தக்கதன்று என்பதற்கு 'கோல்ட்ஃபிங்கர்' ஒன்றே போதும்.

1959ஆம் ஆண்டில் வெளிவந்த அப்புதினத்தில், கோல்ட்ஃபிங்கர் என்னும் தீயவன் அமெரிக்காவின் ஃபோர்ட் நாக்ஸ் கருவூலத்தில் உள்ள தங்கத்தைக் கொள்ளையடிக்கத் திட்டமிடுகின்றான். அத்தனை தங்கத்தை யார் சுமப்பது, எத்தனை நாளில் சுமப்பது என்னும் கேள்விக்குப் புதினம் தக்க விடை தரவில்லை. 1964ஆம் ஆண்டில் ரிச்சர்ட் மேய்பாம், பால் டேன் ஆகிய இருவரும் திரைக்கதை எழுதியபோது, இந்தக் குறையையே கதையின் அணிகலனாக மாற்றினர். படத்தில் பாண்டே அந்தக் கேள்வியைக் கேட்கின்றான். தங்கத்தின் எடையையும் ஆட்களின் தொகையையும் கணக்கிட்டு, இது நடவாத செயல் என்று எள்ளுகின்றான். தீயவனோ தங்கத்தை எடுத்துச் செல்லும் எண்ணமே தனக்கு இல்லை என்பதை உணர்த்துகின்றான். அணுக்கருவி ஒன்றை உள்ளே வெடிக்கச் செய்தால், அத்தங்கம் 58 ஆண்டுகளுக்குத் தீண்டத்தகாத நஞ்சாகிவிடும். அப்போது அவனிடம் உள்ள தங்கத்தின் விலை பன்மடங்கு உயரும். திருடாமலே செல்வனாகும் திருட்டு இது! தீயவனின் பேராசைக்கும் அறிவுக்கும் இத்திட்டம் முற்றும் பொருந்துகின்றது. மூலத்தை மீறியதாலேயே எழுத்து உயர்ந்தது.

ஆனால், அதே படத்தில் ஒரு பெருங்குறையும் உண்டு. கோல்ட்ஃபிங்கரின் கூட்டாளியாகிய பெண் விமானி கட்சி மாறுவதாலேயே நாடு காப்பாற்றப்படுகின்றது. கதையின் அச்சாணியாகிய இம்மாற்றத்திற்குப் படம் காட்டும் காரணம், பாண்ட் அவளை வலிந்து அணைத்தான் என்பதுதான். அச்செயலின் அறக்கேடு ஒருபுறம் இருக்க, எழுத்து என்னும் நிலையிலும் இது வெற்றிடமே. தங்கத்தின் எடையைக் கணக்கிட்ட எழுத்தாளர்கள், ஒரு பெண்ணின் மனத்தைக் கணக்கிட மறந்தனர். படத்தைப் போற்றும் சுவைஞர் பலர் இக்குறையை நெடுங்காலம் பேசவில்லை. பின்வந்த தலைமுறையினரே உரக்கப் பேசினர். ஒரு காலத்தின் சுவையும் அக்காலத்தின் குருடும் சேர்ந்தே பிறக்கின்றன என்பதற்கு இது சான்று.

வித்தும் விளைவும்

திரைக்கதையின் தரத்தை அறியச் சுவைஞர்கள் கையாளும் அளவுகோல்களுள் மிகச் சிறந்தது, முன்னே இட்ட வித்து பின்னே விளைகின்றதா என்று பார்ப்பது. 1963ஆம் ஆண்டின் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' இவ்வகையில் ஒரு பாடப்புத்தகம் எனலாம்.

அப்படத்தின் தொடக்கத்திலேயே பாண்டுக்கு ஒரு கைப்பெட்டி வழங்கப்படுகின்றது. அதில் கத்தியும் பொற்காசுகளும் மறைந்துள்ளன. முறை தவறித் திறந்தால் கண்ணீர்ப் புகை வெடிக்கும். பார்ப்பவர் அதனை ஒரு விளையாட்டுப் பொருளாக எண்ணி மறந்துவிடுகின்றனர். பின்னர், இரயில் பயணத்தில் பிரித்தானிய ஒற்றனாக நடிக்கும் கிராண்ட் என்னும் கொலைஞன், உணவு வேளையில் மீனுக்குச் சிவப்பு மதுவைக் கேட்டு வாங்குகின்றான். மேனாட்டு உயர்குடி வழக்கில் அது பொருந்தாச் செயல். பாண்ட் கவனிக்கின்றான், ஆனால், பொருட்படுத்தவில்லை. சற்று நேரத்தில் அவன் மண்டியிட்டுத் துப்பாக்கியின் முன் நிற்கும்போதுதான், அந்த மதுவே தனக்குச் செய்தி சொல்லியிருக்க வேண்டும் என்று உணர்கின்றான். அப்போது அவனுக்குத் துணையாவது அந்தக் கைப்பெட்டி. பொற்காசின் ஆசை காட்டுகின்றான், கொலைஞன் தன் பேராசையால் இன்னொரு பெட்டியைத் தானே திறக்கின்றான், புகை வெடிக்கின்றது. பாண்டை வீழ்த்தப் பார்த்தது அவன் அசட்டை. கொலைஞனை வீழ்த்தியது அவன் ஆசை. கருவி வெறும் கருவியாக நில்லாமல், குணத்தின் விளைவாக மாறிவிடுகின்றது.

இதே கலை 1989ஆம் ஆண்டின் 'லைசென்ஸ் டு கில்' படத்திலும் உண்டு. நண்பன் லைட்டரும் அவன் மனைவியும் தங்கள் திருமண நாளில் பாண்டுக்குத் தீமூட்டி ஒன்றைப் பரிசளிக்கின்றனர். அன்றிரவே மனைவி கொல்லப்படுகின்றாள். நண்பன் சுறாமீனுக்கு இரையாக்கப்பட்டு உறுப்பிழக்கின்றான். கொடுமை செய்த சான்செஸ் என்பவன் பணத்தைவிட நன்றியுணர்வையே பெரிதாக மதிப்பவன். பாண்ட் அந்தப் பண்பையே ஆயுதமாக்குகின்றான். ஐயத்தை விதைத்து, சான்செஸ் தன் ஆட்களைத் தானே அழிக்குமாறு செய்கின்றான். இறுதியில் எரிநெய்யில் நனைந்து நிற்கும் அவனை எரிப்பது அந்தப் பரிசுத் தீமூட்டியே. கொடூரம் மிகுந்த படம் என்று அதனை வெறுப்போர் உண்டு. ஆயினும், அதன் கட்டுக்கோப்பினை அவர்களும் மறுப்பதற்கில்லை. பிடிக்காத படைப்பிலும் திறனைக் காண்பதே திறனாய்வின் முதற்படி.

திரும்பத் திரும்ப வருதல்

பாண்ட் படங்கள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன என்பது பெருவழக்கான குற்றச்சாட்டு. 1967ஆம் ஆண்டில் ரோல்ட் டால் எழுதிய 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில், விண்கலங்களைக் கவர்ந்து வல்லரசுகளிடையே போர் மூட்ட முயல்கின்றான் ஒருவன். 1977ஆம் ஆண்டின் 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ' படத்தில் விண்கலத்திற்குப் பதில் நீர்மூழ்கிக் கப்பல். 1979ஆம் ஆண்டின் 'மூன்ரேக்கர்' படத்தில் மனித இனத்தை அழித்து விண்வெளியில் புதிய குலம் படைக்க விரும்புகின்றான் மற்றொருவன். மூன்றையும் இயக்கியவர் லூயிஸ் கில்பர்ட். எலும்புக்கூடு ஒன்றே, தசை மட்டும் வேறு.

திரும்ப வருதல் தன்னளவில் குற்றமன்று. இராமன் கதை தெரிந்தே மக்கள் கூத்துப் பார்க்கச் சென்றனர். தெரிந்த கதையில் இன்று இவர் எப்படிச் செய்கின்றார் என்பதே அவர்களின் ஆவல். எக்கோ சொன்ன சதுரங்க இன்பமும் அதுவே. குற்றம் எங்கே பிறக்கின்றது எனில், கதை தானே எழுப்பிய புதுக் கேள்வியைப் பழைய முடிவுக்காகப் பலியிடும்போதுதான்.

'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சோவியத்து ஒற்றர் ஆனியாவின் காதலனைப் பனிமலையில் நடந்த மோதலில் பாண்ட் கொன்றிருக்கின்றான். பாதிவழியில் அவள் அதனை அறிகின்றாள். பணி முடிந்ததும் உன்னைக் கொல்வேன் என்று அறிவிக்கின்றாள். கடமைக்கும் துயரத்திற்கும் இடையே நிற்கும் இரு ஒற்றர்களின் கதை இதிலிருந்து எழுந்திருக்கலாம். இறுதிக் காட்சியில் அவள் துப்பாக்கியும் ஏந்துகின்றாள், மதுப்புட்டியின் மூடி தெறிக்கின்றது, எல்லாம் சிரிப்பாகிவிடுகின்றது. அவள் ஏன் மன்னித்தாள் என்பதற்கு ஒரு சொல் இல்லை. சுவைஞருள் பலர் இப்படத்தைக் கொண்டாடுகின்றனர்; அதன் அழகும் விரைவும் கொண்டாடத் தக்கவையே. ஆனால், பிறந்த கேள்வி விடையின்றி இறந்தது என்பதை மறைத்தல் ஆகாது.

காலம் மாற்றிய தீர்ப்பு

1969ஆம் ஆண்டின் 'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தின் வரலாறு திறனாய்வாளர்க்கு ஓர் எச்சரிக்கை. புதிய நடிகராகிய ஜார்ஜ் லேசன்பி நடித்த அப்படம், ஷான் கானரி இல்லை என்பதாலேயே அந்நாளில் குறைவாக மதிக்கப்பட்டது. பாண்ட் உண்மையாகக் காதலிக்கின்றான், மணம் புரிகின்றான், அன்றே மனைவியை இழக்கின்றான். வீரன் தோற்று அழும் முடிவை அக்காலச் சுவைஞர் பலர் விரும்பவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, அதே முடிவினாலேயே அப்படம் உயர்ந்தது; இன்று அதனை முதல் வரிசையில் வைப்போர் பலர்.

அதிலும் ஒரு வழு உண்டு. ஃபிளெமிங்கின் நூல்களில் இக்கதை முன்னது. 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' பின்னது. படங்களிலோ வரிசை மாறியது. அதனால், முந்தைய படத்தில் பாண்டை நேருக்கு நேர் கண்ட புளோஃபெல்ட் என்னும் பகைவன், அடுத்த படத்தில் அவனை அடையாளம் காணாமல் விருந்தோம்புகின்றான். இவ்வழுவைச் சுட்டிக்காட்டும் சுவைஞர்களே அப்படத்தைப் போற்றவும் செய்கின்றனர். இது முரண்பாடன்று. வழுவின் எண்ணிக்கை வேறு. படைப்பின் எடை வேறு. பிழைத்திருத்தும் சிவப்பு மையால் மட்டும் கட்டுரைக்கு மதிப்பெண் இடும் ஆசிரியர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

உரையாடல்

உரையாடலைப் பற்றிச் சுவைஞர் பேசும்போது பெரும்பாலும் குறும்புச் சொற்களையே எண்ணுகின்றனர். பகைவனை வீழ்த்திவிட்டு வீரன் உதிர்க்கும் நகைச்சொல் கைத்தட்டல் பெறும். ஆனால், அது உரையாடல் ஆகாது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் பேசப்படும் ஒற்றை வரியே அது. உரையாடல் என்பது ஒருவர் சொல் மற்றவரை மாற்றுவது.

2006ஆம் ஆண்டின் 'கேசினோ ராயல்' படத்தில் வரும் இரயில் காட்சியை இதனோடு ஒப்பிடலாம். பாண்டும் கருவூல அலுவலர் வெஸ்பரும் முதன்முறையாகச் சந்திக்கின்றனர். ஒருவர் மற்றவரின் உடையையும் பேச்சையும் கொண்டு அவர் பிறப்பு வளர்ப்பை ஊகித்துச் சொல்கின்றனர். இருவரும் பெற்றோரை இழந்தவர்கள் என்பது அந்த விளையாட்டிலேயே வெளிப்படுகின்றது. வெளியே கேலி, உள்ளே காயம். எவரையும் படித்துவிடலாம் என்று செருக்குற்ற அவன், அவள் நெஞ்சில் மறைந்திருந்த ஒரு செய்தியை மட்டும் படிக்கத் தவறுகின்றான். அவள் முடிவில் அவனை ஏமாற்றி நீரில் மூழ்கி இறக்கும்போது, அந்த இரயில் காட்சி மீண்டும் நினைவில் எழுகின்றது. நீல் பர்விஸ், ராபர்ட் வேட், பால் ஹேகிஸ் ஆகிய மூவர் எழுதிய படம் இது.

பிறர் நாடும் பிறர் மக்களும்

தமிழ் மாணவர் தனிக் கவனத்துடன் நோக்க வேண்டிய படம் 1983ஆம் ஆண்டின் 'ஆக்டோபுசி'. இந்தியாவின் உதயப்பூரில் இதன் பெரும்பகுதி நிகழ்கின்றது. சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பாண்டின் துணைவராக நடித்துள்ளார்.

இப்படத்தின் சூழ்ச்சிக் கதை நுட்பமானது. மேற்கு ஜெர்மனியில் உள்ள அமெரிக்கத் தளத்தில் வெடிக்கும் அணுகுண்டு, அமெரிக்கர்தம் சொந்தக் குண்டின் விபத்து என்றே கருதப்படும், அஞ்சிய ஐரோப்பிய மக்கள் அணுக்கருவிகளை அகற்றச் சொல்வர், எல்லை திறந்துவிடும். இதுவே சோவியத்துப் படைத்தலைவன் ஒருவனின் கணக்கு. படத்தின் தொடக்கத்தில் கோமாளி உடையில் ஓர் ஒற்றன் உயிர் விடுகின்றான். முடிவில் பாண்டே கோமாளி வேடத்தில் நின்று, குண்டு இருக்கின்றது என்று கதற, கூடியிருப்போர் சிரிக்கின்றனர். உண்மை சொல்பவனை உலகம் கோமாளியாகக் காணும் அக்காட்சி, இப்படவரிசையின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்று.

அதே எழுத்தாளர்கள் இந்தியாவைக் காட்டும்போது மட்டும் நுட்பம் மறைந்துவிடுகின்றது. பாம்பாட்டி, வாள் விழுங்குபவன், ஆணிப் படுக்கை, நெருப்பு மிதி ஆகியவை கடைவீதியில் வரிசையாகக் காட்சி தருகின்றன. சூதில் வென்ற பணத்தை இந்தியத் துணைவரிடம் கொடுக்கும் பாண்ட், அவருடைய உணவைச் சுட்டி ஒரு நகைச்சொல் உதிர்க்கின்றான். விளையாட்டு வீரராகிய அமிர்தராஜுக்கு எழுதப்பட்ட சண்டையில் ஆயுதம் டென்னிஸ் மட்டையே. சுற்றியிருப்போரின் தலைகள் பந்தாட்டம் பார்ப்பதுபோல் இருபுறமும் திரும்புகின்றன. சிரிப்பு வருகின்றது, ஆனால், அந்தத் துணைவர் யார், எதற்காக உயிர் கொடுத்தார் என்பதைப் படம் நின்று கேட்கவில்லை.

"கேளிக்கைப் படத்தில் இதையெல்லாம் பார்க்கலாமா?" என்று சுவைஞர் சிலர் சினந்து கேட்கின்றனர். பார்க்கத்தான் வேண்டும். ஐரோப்பியப் படைத்தலைவனுக்குக் கொள்கையும் கணக்கும் கொடுக்கத் தெரிந்த எழுதுகோல், இந்தியனுக்குப் பாம்பையும் மட்டையையும் மட்டும் கொடுத்தால், அது அறக்குறை மட்டுமன்று. எழுத்தின் சோம்பலும் ஆகும். இதனைச் சொல்லும் தமிழ் மாணவன், தன் மொழிக் கதைகளிலும் படங்களிலும் பிற இனத்தார் எவ்வாறு காட்டப்படுகின்றனர் என்று அதே கண்ணால் நோக்கக் கடமைப்பட்டவன். பல்லினம் வாழும் நாட்டில் இப்பயிற்சி ஏட்டுக் கல்வியினும் பெரிது.

தற்செயலும் மன்னிப்பும்

2012ஆம் ஆண்டின் 'ஸ்கைஃபால்' உலகெங்கும் நூறு கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல் ஈட்டிய முதல் பாண்ட் படம். ஆயினும், அதன் பகைவன் சில்வாவின் திட்டம் தற்செயல்களின்மேல் கட்டப்பட்டது என்பதைச் சுவைஞர்கள் விடாமல் சுட்டுகின்றனர். அவன் வேண்டுமென்றே பிடிபடுகின்றான். தப்பும்போது, துரத்தி வந்த பாண்டின்மேல் குறித்த நொடியில் சுரங்க இரயில் வந்து விழுகின்றது. இத்தனையும் அவன் முன்னரே கணித்திருக்க இயலுமா?

இயலாது. எனினும், மக்கள் மன்னித்தனர். ஏனெனில், கைவிட்ட தாயைத் தேடிவரும் மகனைப்போல், தன்னைப் பகைவரிடம் விட்டுக்கொடுத்த தலைவியைத் தேடி அவன் வருகின்றான். அவன் திட்டம் ஓட்டையுடையது. அவன் துயரம் முழுமையானது. அடுத்து வந்த 'ஸ்பெக்டர்', 2015ஆம் ஆண்டில், இதனையே பின்பற்ற முயன்று தோற்றது. புளோஃபெல்ட் பாண்டின் வளர்ப்புத் தந்தைக்கு மகன் என்றும், பொறாமையே அவன் பகைக்கு வித்து என்றும் அப்படம் கூறியது. உலகை ஆட்டிப் படைக்கும் தீமை ஒரு வீட்டுச் சண்டையாகச் சுருங்கியது. சுவைஞர்தம் வருத்தம் இங்கே நியாயமானதே.

யாரைக் குறை கூறுவது?

எழுதியவரைத் திட்டுவது சுவைஞர்க்கு எளிது. பதின்மூன்று படங்களில் பங்கு கொண்ட மேய்பாமைச் சிலர் வானளாவப் புகழ்கின்றனர். ஏழு படங்களில் பங்கு கொண்ட பர்விஸ், வேட் இருவரையும் சிலர் ஓயாமல் பழிக்கின்றனர். ஆனால், காணாமல் மறையும் மகிழுந்து வரும் 'டை அனதர் டே' படத்திலும், எல்லோரும் போற்றும் 'கேசினோ ராயல்' படத்திலும் அதே இருவர் பெயர் இருக்கின்றது. திரைக்கதை ஒருவர் எழுதும் செய்யுளன்று; பலர் கைபட்டுத் திருந்தியும் திரிந்தும் வருவது.

அவ்வாறாயின் எதனை நம்புவது? இங்கே மீண்டும் வள்ளுவரே வழிகாட்டுகின்றார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் ஆராய வேண்டும் என்றும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்திருந்தால் அதனைத் தெளியலாம் என்றும் ஒற்றாடலில் அவர் உரைக்கின்றார். திறனாய்விலும் மூன்று ஒற்றர் உளர். முதல்வன், சுவைஞனின் உணர்வு. இரண்டாமவன், படைப்பின் உள்ளே கிடைக்கும் சான்று. மூன்றாமவன், படைப்பு உருவான சூழல்.

2008ஆம் ஆண்டின் 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' படத்தைச் சோதிக்கலாம். கதை முழுமை பெறாமல் ஓடுகின்றது என்பது சுவைஞரின் உணர்வு. படத்தைப் பார்த்தால், பொலிவியாவின் நீரைக் கவரும் சூழ்ச்சி என்னும் அருமையான கரு, விளக்கம் பெறுவதற்குள் சண்டைகள் குறுக்கிடுகின்றன. சூழலோ, 2007 நவம்பரில் தொடங்கிய அமெரிக்கத் திரை எழுத்தாளர் வேலைநிறுத்தம். காட்சிகளை இயக்குநரும் தாமுமே திருத்த நேர்ந்ததாக நடிகர் டேனியல் கிரேக் பின்னர்க் கூறினார். மூவர் சொல்லும் ஒத்தன, தீர்ப்பினைத் தெளியலாம்.

இனி 'நோ டைம் டு டை'. பாண்ட் இறக்கின்றான், ஆகவே எழுத்து கெட்டது என்பது சுவைஞர் பலரின் சினம். படைப்பின் சான்று வேறு சொல்கின்றது. தொடுதலால் கொல்லும் நுண்கருவி முதலில் ஒரு விருந்தில் கூட்டமாகக் கொல்கின்றது. பின்னர்ப் பாண்டின் கையாலேயே, அவன் அறியாமல், புளோஃபெல்டைக் கொல்கின்றது. இறுதியில் அவன் மனைவியெனக் கருதியவளையும் மகளையும் அவன் இனி ஒருபோதும் தொட இயலாதவனாக ஆக்குகின்றது. எவரையும் எளிதில் தழுவியவன், தழுவ விரும்பிய இருவரைத் தழுவ முடியாமல் நிற்கின்றான். சூழலும், கிரேக் நடிக்கும் கடைசிப் படம் இதுவென்பதால், முடிவுக்கு இடம் தந்தது. இங்கே முதல் ஒற்றன் சொல்வது குறை அன்று, வருத்தம். ஆனால், பகைவன் சாஃபின் தன் பழியைத் தீர்த்துக்கொண்ட பின்னரும் உலகை ஏன் அழிக்க நினைக்கின்றான் என்பதற்குப் படம் தக்க காரணம் காட்டவில்லை. அதுவே மெய்யான குறை. சினத்தில் மூழ்கியோர் அதனைப் பேச மறந்தனர்.

பிடிக்கவில்லை என்பதும் நன்றாக இல்லை என்பதும் வேறு வேறு. பிடித்தது என்பதும் நன்று என்பதும் அவ்வாறே. இவ்வேறுபாட்டை அறிந்த மாணவன், கோவலன் கொலையுண்டது கண்டு கலங்குவான்; ஆனால், அக்கலக்கத்தையே காப்பியத்தின் குறையெனச் சொல்லான். கலக்கம் எங்கே விதைக்கப்பட்டது என்று தேடிச் செல்வான்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் இப்படவரிசையின் படைப்புரிமை அமேசான் நிறுவனத்தின் எம்.ஜி.எம். பிரிவிடம் சென்றது. புதிய எழுத்தாளர் வருவர். புதிய கதை வரும். பழைய வழக்கு மீண்டும் எழும். அவ்வழக்கில் கலந்துகொள்ளும் மாணவனைத் தமிழாசிரியர் தடுக்க வேண்டுவதில்லை. அவன் கருத்தைச் சொன்னதும் 'ஏன்?' என்று ஒருமுறை கேட்டால் போதும். அவன் விடை தேடத் தொடங்கும் நேரமே இலக்கிய வகுப்பு உண்மையில் தொடங்கும் நேரம்.